விட்னி தோட்டம் யார் யார் கையில் இருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய தோட்டங்களைப் பற்றி எதைப் படித்தாலும், யார் வாங்கினார், யாருக்கு விற்றார், அடுத்த வாரிசு யார் என்ற பட்டியல்தான் முதலில் வரும். அதில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். அதே பத்திரங்களில் நிலத்தோடும் மாடுகளோடும் சேர்த்துச் சொத்தாக எழுதப்பட்ட மனிதர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. லூசியானாவின் விட்னி தோட்டத்தை வைத்து இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன்.

இந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது?

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், வாலஸ் என்ற சிற்றூரில். நியூ ஆர்லியன்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செயின்ட் ஜான் த பாப்டிஸ்ட் பாரிஷுக்கு உட்பட்ட இடம். லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்.

ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில் இதுபோன்ற பழைய தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. பலவற்றில் பெரிய வீட்டையும் ஓக் மரங்களையும் காட்டுவார்கள், திருமணத்துக்கும் வாடகைக்கு விடுவார்கள். விட்னி அப்படி இல்லை. அடிமையாக வைக்கப்பட்டவர்களின் வாழ்க்கையைச் சொல்வதற்கென்றே திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது.

முதல் உரிமையாளர் யார்?

பத்திரப்படி, அம்புரோஸ் ஹைடல் என்ற ஜெர்மன்காரர். 1721இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் லூசியானாவுக்குக் கப்பலேறி வந்தவர். அப்போது அது பிரெஞ்சுக் குடியேற்றம். ஜெர்மன் குடும்பங்கள் பல இந்த ஆற்றோரத்தில் குடியேறியதால் 'ஜெர்மன் கரை' என்றே பெயர் வந்துவிட்டது. 1752இல் அம்புரோஸ் இந்த நிலத்தை வாங்கினார். ஹைடல் என்பது பிரெஞ்சு வாயில் ஹேடல் ஆனது. தோட்டத்துக்கும் 'அபித்தாசியோன் ஹேடல்' என்று பெயர். ஹேடல் பண்ணை என்று வைத்துக்கொள்ளலாம்.

'பத்திரப்படி' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்பும் இது ஆளில்லாத நிலம் அல்ல. ஆற்றோரத்தில் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். நிலப் பத்திரங்கள் அவர்கள் காலத்துக்குப் பின்னால்தான் தொடங்குகின்றன.

நிலம் ஏன் நீளப் பட்டை பட்டையாக இருக்கிறது?

பிரெஞ்சுக்காரர்கள் பிரித்த முறை அது. சாலை இல்லாத காலத்தில் ஆறுதான் வழி. அதனால் ஆளாளுக்கு ஆற்றங்கரையில் கொஞ்சம் அகலம் கொடுத்து, அங்கிருந்து பின்னால் சதுப்புக்காடு வரை நீளமாக அளந்துவிட்டார்கள். வழக்கமான நீளம் 40 அர்பாங். ஒரு அர்பாங் ஏறத்தாழ 192 அடி. கரையோரம் மேடு, பின்னால் போகப் போகப் பள்ளம். நல்ல மண், வடிகால், விறகு எல்லாமே ஒரே பட்டையில் கிடைத்தன. இன்றைக்கும் வானத்திலிருந்து பார்த்தால் கரும்பு வயல்களில் அந்தக் கோடுகள் தெரியும்.

நாடு கைமாறியபோது நிலமும் கைமாறியதா?

இல்லை. லூசியானாவை 1762இல் பிரான்ஸ் ஸ்பெயினுக்குக் கொடுத்தது. 1800இல் திரும்பப் பெற்றது. 1803இல் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. குடிமக்களின் சொத்துரிமையைக் காப்போம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே அமெரிக்கா வாக்குக் கொடுத்தது. ஹேடல் குடும்பம் மூன்று கொடிகளின் கீழும் அதே நிலத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சொத்துரிமையில் மனிதர்கள்மேல் இருந்த உரிமையும் அடங்கும். மூன்று அரசுகளில் எது வந்தபோதும் அவர்கள் நிலை மாறவில்லை.

ஆரம்பத்திலிருந்தே கரும்புதானா?

முதலில் அவுரி. அவுரிச் செடியைத் தொட்டிகளில் ஊறவைத்து, கலக்கி, நீலச் சாயம் எடுத்தார்கள். நாற்றமும் ஈயும் மொய்க்கும் வேலை. அந்தத் தொழில்நுட்பத்தை அறிந்தவர்கள் செனகல் பகுதியிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய உடலுழைப்பை மட்டுமல்லாமல் அறிவையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

1790களில் புழு தாக்கி அவுரி அழிந்தது. அதே சமயத்தில், இன்று ஹைட்டி என்று அழைக்கப்படும் பிரெஞ்சுத் தீவுக் குடியேற்றத்தில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். உலகச் சந்தைக்குச் சர்க்கரை அனுப்பிய பெரிய இடம் அது. அங்கே வரத்து நின்றதும் லூசியானாவுக்கு வாய்ப்பு வந்தது. 1795இல் எத்தியேன் த போரே என்பவர் நியூ ஆர்லியன்ஸ் அருகே கரும்புச் சாற்றைச் சர்க்கரைப் படிகமாக்கி லாபம் காட்டினார். அப்புறம் எல்லோரும் கரும்புக்கு மாறினார்கள். விட்னியில் அம்புரோஸின் கடைசி மகன் ழான் ழாக் ஹேடல் காலத்தில் அந்த மாற்றம் நடந்தது.

கரும்பு மற்றப் பயிர்களைவிடக் கொடியது. லூசியானாவில் பனி விழும் முன் வெட்டி, உடனே அரைத்தாக வேண்டும். அரவைப் பருவத்தில் இரவு பகலாக ஆலை ஓடும். கொதிக்கும் கொப்பரைகளின் அருகே தூக்கமில்லாமல் நின்றவர்களின் கை உருளையில் சிக்கும், உடல் வெந்துபோகும். பல சர்க்கரைத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். புதிதாக மனிதர்களை வாங்கிக்கொண்டே இருந்ததால்தான் எண்ணிக்கை குறையவில்லை.

ஒரு பெண் இந்தத் தோட்டத்தை நடத்தினாரா?

ஆமாம். 1820இல் தோட்டம் ழான் ழாக்கின் மகன்கள் இருவரிடம் வந்தது: இளைய ழான் ழாக், மார்செலின். 1839இல் மார்செலின் இறந்த பிறகு அவர் மனைவி மாரி அசேலி உரிமையாளர் ஆனார். அவரும் ஹேடல் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1860இல் இறக்கும் வரை அவரே நடத்தினார்.

மற்ற அமெரிக்க மாநிலங்களில் அப்போது மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவனுக்குள் கரைந்துவிடும். லூசியானாவோ பிரெஞ்சு, ஸ்பானியச் சட்ட மரபைத் தொடர்ந்தது. திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பாதி. பிள்ளைகளுக்குக் கட்டாய வாரிசுப் பங்கு உண்டு. அதனால் லூசியானாவில் விதவைகள் பெரிய தோட்டங்களை நடத்தியது அரிதல்ல.

அசேலியின் காலத்தில்தான் தோட்டம் லாபத்தின் உச்சத்தில் இருந்தது. 1844இல் ஒரே அரவைப் பருவத்தில் 4,07,000 பவுண்டு சர்க்கரை எடுத்தார்கள். உச்சக் கட்டத்தில் 101 பேர் அங்கே அடிமையாக இருந்தார்கள். 'திறமையான பெண் நிர்வாகி' என்று இவரைப் புகழும் எழுத்துகளைப் பார்க்கிறேன். எனக்கு அதை அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தச் சர்க்கரையை எடுத்தது அந்த 101 பேரின் கைகள்.

அடிமையாக இருந்தவர்கள் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டார்கள்?

இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

லூசியானாவின் 1806ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை அசையாச் சொத்தாக வகைப்படுத்தியது. நடக்கிற, பேசுகிற, பிள்ளை பெறுகிற மனிதர் சட்டத்தின் கண்ணில் வீடு, நிலம் மாதிரி. அதனால் அவரை அடமானம் வைக்கலாம். தோட்டக்காரர்கள் புது ஆலைக்கும் புது நிலத்துக்கும் கடன் வாங்கியபோது ஈடாக எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் மனிதர்களைத்தான். கடன் கட்டத் தவறினால் ஒரு குடும்பமே பிரிந்து போகும்.

உரிமையாளர் இறந்தால் நோட்டரி வீட்டுக்கு வருவார். அறை அறையாக, களம் களமாக நடந்து பட்டியல் எழுதுவார். கட்டில், கடிகாரம், வண்டி, எருது, கொப்பரை, அப்புறம் மனிதர்கள். பெயர், வயது, எங்கே பிறந்தவர், என்ன வேலை தெரியும், என்ன நோய், கடைசியில் விலை. தச்சர் என்றால் விலை ஏறும், குடலிறக்கம் என்றால் இறங்கும். வயதான பாட்டிக்கு விலையே இருக்காது. கைக்குழந்தையைத் தாயோடு சேர்த்து ஒரே தொகையில் எழுதியிருப்பார்கள்.

படிக்கவே மனம் கூசும் தாள்கள் அவை. ஆனால் அவர்கள் பெயர்கள் எஞ்சியதும் அந்தத் தாள்களில்தான். க்வென்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் லூசியானாவின் நீதிமன்றங்களில் கிடந்த இத்தகைய ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். பிரான்ஸ், ஸ்பெயின் ஆவணக் காப்பகங்களுக்கும் போனார். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலக் கையெழுத்துகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணினித் தரவுத்தளத்தில் ஏற்றினார். லூசியானாவில் அடிமைகளுக்கு ஆப்பிரிக்காவில் எந்த இனம், எந்தப் பகுதி என்பதையும் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அதனால் பம்பாரா, மண்டிங்கா, கொங்கோ என்ற வேர்களும் கிடைத்தன. சொத்தை எண்ணுவதற்காக எழுதியதை அவர் மனிதர்களைத் தேடுவதற்காகப் படித்தார். அவர் பெயரிலேயே விட்னியில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1,07,000 பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தோட்டத்திலேயே அடிமையாக இருந்த 350க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனிச் சுவர் உண்டு.

குழந்தைகளைப் பற்றியும் ஆவணம் இருக்கிறதா?

கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகளில் இருக்கிறது. இந்த ஒரு பாரிஷில் மட்டும், அடிமைமுறையின் கடைசிச் சில பத்தாண்டுகளில் சிறுவயதிலேயே இறந்த சுமார் 2,200 குழந்தைகளின் பெயர்கள் தனி நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சில இடங்களில் பெயரே இல்லாமல் 'சிறு அடிமை' என்பது போல மட்டும் இருக்கும்.

லிங்கனின் பிரகடனத்தால் 1863இல் இவர்கள் விடுதலை பெற்றார்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. 1863 ஜனவரி 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் மத்திய அரசுக்கு எதிராகக் கிளர்ச்சியில் இருந்த தென்பகுதிகளுக்கு மட்டும் பொருந்தியது. ஏற்கெனவே மத்திய அரசின் வடபடையின் பிடியில் இருந்த லூசியானாவின் 13 பாரிஷ்களைப் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. செயின்ட் ஜான் அவற்றில் ஒன்று. அதாவது அந்தப் பிரகடனம் வந்த நாளில் விட்னியில் இருந்த ஒருவருக்குக்கூட அது சட்டப்படி விடுதலை தரவில்லை. ஆனாலும் பலர் தாங்களாகவே தோட்டங்களை விட்டு வடபடை முகாம்களுக்கு நடந்தார்கள், படையிலும் சேர்ந்தார்கள். 1864இல் லூசியானாவின் புதிய அரசியல் சாசனம் அடிமைமுறையை ஒழித்தது. 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் நாடு முழுவதற்கும் அதை உறுதியாக்கியது.

சரி, 'விட்னி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

போருக்குப் பின், 1867இல், பிராடிஷ் ஜான்சன் என்பவர் வாங்கினார். லூசியானாவிலும் நியூயார்க்கிலும் சர்க்கரை, சாராயத் தொழில் செய்த பணக்காரர். தன் பேரன் ஹாரி விட்னியின் நினைவாக அவர் வைத்த பெயர்தான் இது. 115 ஆண்டு ஹேடல் பெயரில் இருந்த மண், இங்கே பிறக்காத ஒரு குழந்தையின் பெயரில் இன்றும் வழங்குகிறது. அங்கே உழைத்த யாருடைய பெயரும் தோட்டத்துக்கு வைக்கப்படவில்லை.

விடுதலை பெற்றவர்களுக்கு நிலத்தில் பங்கு கிடைத்ததா?

கிடைக்கவில்லை. '40 ஏக்கர்' என்று பேசப்படும், விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கிய 1865ஆம் ஆண்டு ராணுவ ஆணை தெற்கு கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோரங்களுக்கானது. அதுவும் சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. லூசியானாவின் சர்க்கரைத் தோட்டங்கள் துண்டாகாமல் முழுசாகவே கைமாறின. முன்பு அடிமையாக இருந்தவர்கள் அதே வயலில், அதே குடில்களில் கூலிக்கு நின்றார்கள். கூலியைப் பல தோட்டங்களில் காசாகத் தராமல் தோட்டக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகத் தந்தார்கள்.

அதை எதிர்த்து 1887 நவம்பரில் பக்கத்துப் பாரிஷ்களில் சுமார் 10,000 கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளுக்கு 1.25 டாலர், காசாக வேண்டும் என்பது கோரிக்கை. திபடோ ஊரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் கறுப்பினத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்று அதை முடித்துவைத்தது.

20ஆம் நூற்றாண்டில் யாரிடம் இருந்தது?

சுருக்கமாகவே சொல்லலாம். 1880இல் பியர் எதுவார் சான் மார்த்தான், தியோஃபில் பெரே ஆகிய உள்ளூர்க்காரர்கள் வாங்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் 1946 வரை வைத்திருந்தார்கள். பிறகு நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மேசன் பார்ன்ஸ் கைக்குப் போனது. உரிமையாளர்கள் மாறினாலும் கரும்பு தொடர்ந்தது. 1975 வரை தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்திலேயே குடியிருந்தன. அந்தக் காலகட்டத்தில்தான் பழைய குடில்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. இன்று பார்வையாளர்கள் காணும் குடில்களில் பல வேறு தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை.

ஒரு பிளாஸ்டிக் நிறுவனமும் உரிமையாளராக இருந்ததாமே?

உண்மைதான். 1990இல் தைவானின் ஃபார்மோசா நிறுவனம் இந்த நிலத்தை வாங்கியது. சுமார் 70 கோடி டாலர் செலவில் ரேயான் கூழ் ஆலை கட்டுவது திட்டம். அதற்காகப் பாரிஷ் நிர்வாகம் வாலஸ் பகுதி நிலத்தைத் தொழிற்சாலை மண்டலமாக மாற்றியது. பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஆற்றோரம் முழுக்க ரசாயன ஆலைகள். 'புற்றுநோய்ச் சந்து' என்றே அந்த வட்டாரத்தைச் சொல்கிறார்கள். ஆலை வரவிருந்த நிலத்தின் அருகில் குடியிருந்தவர்களில் பலர், இந்த ஆற்றோரத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர்ந்து அவர்கள் எதிர்த்தார்கள். ரேயான் சந்தையும் சரிந்தது. ஆலை வரவில்லை. நிலம் கைமாறியதில் ஆதாயம் தேடிய அன்றைய பாரிஷ் தலைவர் பின்னர் மிரட்டிப் பணம் பறித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. எதிர்ப்பைச் சமாளிக்கத் தோட்டத்தின் வரலாற்றை 8 தொகுதிகளாக ஆய்வு செய்ய அந்த நிறுவனம் பணம் கொடுத்திருந்தது. அடுத்து வாங்கியவர் அதைப் படித்துத்தான் மனம் மாறினார்.

அந்த அடுத்த உரிமையாளர் யார்? இப்போது யாருடையது?

ஜான் கம்மிங்ஸ், நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர், வெள்ளையர். 1999இல் நிலமாகத்தான் வாங்கினார். பட்டியல்களைப் படித்த பிறகு, அடிமைமுறையைப் பற்றித் தனக்குச் சொல்லித்தரப்பட்டது எவ்வளவு குறைவு என்று உணர்ந்தார். செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராஹிமா செக்கை ஆய்வுக்கு அழைத்தார். சொந்தப் பணத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, 2014 டிசம்பரில் திறந்தார். 2019இல் இலாப நோக்கமற்ற அமைப்புக்கே கொடுத்துவிட்டார். இன்று தனி ஆள் யாருக்கும் சொந்தமில்லை.

ஒரு வெள்ளைப் பணக்காரர் இதைச் சொல்லலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான். இந்த நிலத்தை வாங்கும் பணம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதே இந்த வரலாற்றின் விளைவு. ஆனால் அவர் அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் விட்டது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன்.

அடிமையாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் யார்?

நிறையப் பேர். ஒரு கிளையை மட்டும் சொல்கிறேன். அசேலியின் வீட்டில் அடிமையாக இருந்த அன்னாவுக்கு, அசேலியின் சகோதரர் அந்துவான் ஹேடல் மூலம் பிறந்தவர் விக்டர் ஹேடல். தந்தை வழியில் உரிமையாளர் குடும்பத்து இரத்தம். தாய் வழியில் பிறவி அடிமை. சட்டம் தாயின் நிலையையே பிள்ளைக்கும் எழுதியது. ஹேடல் என்ற பெயரை விக்டரின் வழியினர் இன்றும் தாங்குகிறார்கள். கல்வியாளர் சிபில் ஹேடல் மோரியல் அந்த வழியில் வந்தவர். அவர் கணவர் எர்னஸ்ட் மோரியல் நியூ ஆர்லியன்ஸின் முதல் கறுப்பின மேயர். மகன் மார்க் மோரியலும் பின்னர் மேயர் ஆனார்.

அவர்களில் யாருக்காவது ஒரு தோட்டம் சொந்தமாகியிருக்கிறதா?

விட்னி இல்லை; அதே பாரிஷில், ஆற்றின் எதிர்க்கரையில் லாப்ளாஸ் ஊரில் உள்ள உட்லேண்ட் தோட்டம். 1811 ஜனவரி 8 இரவு சார்ல்ஸ் டெலோன்ட் தலைமையில் அடிமைகளின் பெரும் கிளர்ச்சி தொடங்கியது அங்கேதான். நூற்றுக்கணக்கானோர் நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். தோற்கடித்த பின் அவர்கள் தலைகளை வெட்டி ஆற்றோரம் கம்பங்களில் நட்டார்கள். 2024 ஜனவரியில் அந்த உட்லேண்ட் வீட்டை வாங்கியவர்கள் ஜோ பேனர், ஜாய் பேனர் என்ற இரட்டைச் சகோதரிகள். வாலஸில் வளர்ந்தவர்கள், இந்த ஆற்றோரத் தோட்டங்களில் அடிமையாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். 1990ஆம் ஆண்டு மண்டல மாற்றத்தை எதிர்த்து நீதிமன்றம் போனதும், வாலஸுக்கு வரவிருந்த பெரிய தானியக் கிடங்கை எதிர்த்ததும் இவர்கள் நடத்தும் அமைப்புதான். 2023இல் நீதிபதி அந்த மண்டல மாற்றம் செல்லாது என்றார்; 2024இல் கிடங்கு நிறுவனம் பின்வாங்கியது.

இன்னொரு தோட்டத்தின் வரலாற்றை நானே தேட முடியுமா?

முடியும். லூசியானா என்றால் அந்தந்தப் பாரிஷ் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கிரயப் பத்திரப் புத்தகங்கள் இருக்கும். இன்றைய உரிமையாளரிலிருந்து தொடங்கி, விற்றவர் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள். யாராவது இறந்த ஆண்டு வந்தால் நின்று, அவருடைய வாரிசுரிமைக் கோப்பைக் கேளுங்கள். சொத்துப் பட்டியல் அதற்குள் இருக்கும். நியூ ஆர்லியன்ஸில் நோட்டரி ஆவணக் காப்பகம் தனியாக உண்டு. அடமானப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள், அவற்றில் பெயர்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

மக்கள்தொகைக் கணக்கில் ஒரு சுவர் இருக்கிறது. 1850, 1860 கணக்குகளின் அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். அநேகமாகப் பெயர் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு வருவது 1870 கணக்கில்தான். ஆகவே 1870இல் தோட்டத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றை 1860க்கு முந்தைய சொத்துப் பட்டியல்களின் பெயர், வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் விலையோடு இருக்கும் பத்து வயதுச் சிறுமி, கணக்கெடுப்பில் குடும்பப் பெயரோடும் பிள்ளைகளோடும் உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.